கை விளங்காத பிள்ளையும் ‘சுகப்பிரசவம்’ என்ற பதிவும்

பிரசவ நேரத்தில் குழந்தையின் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே ஓடும் நரம்புகள் இழுபட்டு ஒரு கை செயலிழந்துபோவதைத் தோள் நரம்புப்பின்னல் காயம் என்கிறது மருத்துவம். ‘எர்ப்ஸ் பால்சி’ அதில் பரவலான வகை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் “பிள்ளைக்குக் கை விளங்கலை” என்ற பேச்சோடு இது முடிந்துவிடுகிறது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், கிரகணத்தன்று வெளியே வந்தது, உரம் விழுந்தது, முன்வினை என்று வீட்டில் சொல்வார்கள். மருத்துவமனையில் கேட்டால், தோள் மாட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது, அதனால் தடுக்கவும் முடியாது என்ற பதில் வரும். ஒரு பக்கம் தலையெழுத்து, மறுபக்கம் தற்செயல். இரண்டில் எதை ஏற்றுக்கொண்டாலும் பிரசவ அறையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இவற்றில் அதிகக் கேடு செய்வது இரண்டாவது பதில்தான். அதில் பாதி உண்மை இருப்பதால் அது எளிதில் நம்பப்படுகிறது.

முதலில் காயம் எப்படி நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஐந்தாவது முதல் எட்டாவது வரையான நரம்பு வேர்களும் மார்புத் தண்டுவடத்தின் முதல் வேரும் ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்புக்கு அடியில் புகுந்து கைக்குள் இறங்குகின்றன. தோளைத் தூக்குவது, முழங்கையை மடக்குவது, விரலை விரிப்பது எல்லாம் இந்தப் பின்னலின் வேலை. பிரசவத்தில் சில வேளை தலை வெளிவந்துவிடும், ஆனால் முன்பக்கத் தோள் தாயின் இடுப்பு முன்னெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். வெளியே வந்த தலை, ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோல் மீண்டும் உள்ளே இழுபடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பதற்றம் பற்றிக்கொள்ளும் நேரம் அது. கைக்குக் கிடைப்பது தலை ஒன்றுதான். அதைப் பிடித்துக் கீழ்நோக்கி வளைத்து இழுத்தால் தலை ஒரு பக்கம் போகிறது, எலும்பில் சிக்கிய தோள் அசையாமல் நிற்கிறது. இடையில் இருக்கும் நரம்பு நீள்கிறது. அளவு மீறினால் உள்ளே நார் அறுகிறது. இன்னும் மீறினால் வேரே தண்டுவடத்திலிருந்து பிய்ந்து வருகிறது.

மேல்வேர்கள் மட்டும் அடிபட்டால் கை தோளிலிருந்து தொங்கி உட்பக்கம் திரும்பி, மணிக்கட்டு மடங்கி நிற்கும். கீழ்வேர்களும் சேர்ந்தால் உள்ளங்கையும் விரல்களும்கூட உயிரற்றுப்போகும். பெரும்பாலான குழந்தைகள் பிறப்புப்பாதையில் இறங்கும் வாகில் வலத்தோள்தான் முன்பக்கம் வரும். அதனால் அடிபடுவதும் பெரும்பாலும் வலக்கை. சோறு எடுக்கும் கை, எழுதும் கை அது. மல்லிகைப்பூ பறிப்பது, சரம் தொடுப்பது, மிளகாய் ஆய்வது, தறியில் இழை முடிவது என்று இந்த மண்ணின் பிழைப்பெல்லாம் இரண்டு கை கேட்கும் பிழைப்பு. ஒரு கை குறைந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்பதை ஊரார் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட நோயும் இல்லை. பிரசவத்துக்குப் பின் கை செயலிழந்த குழந்தையைப் பற்றி 18ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் ஸ்மெல்லி எழுதிவிட்டார். பிரான்சில் டுஷென் 1872இலும், ஜெர்மனியில் எர்ப் 1874இலும் எந்த நரம்பு அடிபடுகிறது என்று காட்டினார்கள். கீழ்வேர்களின் காயத்தை 1885இல் விவரித்தவர் அகஸ்டா க்ளும்ப்கே என்ற இளம் மருத்துவ மாணவி. காரணம் தெரிந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. கிரகணத்துக்கு அதில் இடமே இல்லை.

இனி, ‘முன்கூட்டித் தெரியாது’ என்ற வாதம். தோள் மாட்டிக்கொள்வது நூறு பிரசவத்தில் ஒன்றுக்கும் குறைவாக நடப்பது. இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்ட வழிகாட்டியில், இப்படி மாட்டிய குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் 4 கிலோவுக்குக் குறைவானவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. யாருக்கு மாட்டும் என்று சொல்ல முடியாது என்பது இந்த அளவில் உண்மை. ஆனால் அந்த உண்மையிலிருந்து ‘தடுக்க முடியாது’ என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. தோள் மாட்டுவது ஒன்று, நரம்பு அறுபடுவது இன்னொன்று. தோள் மாட்டிய குழந்தைகளில் மிகப் பலர் கைக்கு எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கிறார்கள். மாட்டிய பிறகு வருகிற சில நிமிடங்களில் அறையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. மானாவாரிக் காட்டில் மழை எந்த நாள் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதற்காக ஐப்பசிக்கு முன் கண்மாய்க்கரை உடைப்பை அடைக்காமல் விட்ட ஊர் உண்டா? வரும் நாள் தெரியாததால்தான் கரையை முன்னமே பார்த்துவைக்கிறார்கள்.

இதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனை தந்த சான்று தெளிவானது. அங்கே பிரசவ அறையில் வேலை பார்க்கும் மருத்துவர், மருத்துவச்சி அனைவருக்கும் பொம்மையையும் இடுப்பு மாதிரியையும் வைத்து ஆண்டுதோறும் தோள் சிக்கல் ஒத்திகை நடத்தினார்கள். தோள் மாட்டிய பிரசவங்களில் காயத்தோடு பிறந்த குழந்தைகள் பயிற்சிக்கு முன் 9.3 சதவீதம். பயிற்சிக்குப் பின் 2.3 சதவீதம். இது 2008இல் வெளியான கணக்கு. பயிற்சி தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன நிலையில் எடுத்த கணக்கு 2016இல் வெளியானது. அதன் கடைசிக் காலப்பகுதியில் நிரந்தரமாகக் கை முடங்கிய குழந்தை ஒன்றுகூட இல்லை. தாய்மார் அதே ஊர்த் தாய்மார். தோள் மாட்டுவதும் நின்றுவிடவில்லை. மாறியது அறையில் இருந்தவர்களின் கைப்பழக்கம். முடியாது என்று சொல்பவர்கள் இந்த ஒரு மருத்துவமனைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அவர்களின் பக்கத்தில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, யாரும் இழுக்காமலே கருப்பையின் அழுத்தத்தால் நரம்பு காயப்படலாம் என்கிறது. சில குழந்தைகளுக்கு அப்படியும் நேர்கிறது. எல்லாக் காயமும் இழுத்தவரின் குற்றம் என்று நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்பதற்கு அது சான்றாகலாம். ஆனால் பயிற்சியால் காயம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும்போது, மீதி முக்கால் பங்கு எப்படி நேர்ந்தது என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் கிடையாது.

அந்தப் பயிற்சியில் கற்பிப்பது விலை உயர்ந்த கருவி எதையும் இல்லை. முதல் பாடம், இழுக்காதே. தலை உள்ளிழுபட்டவுடன் “தோள் மாட்டியிருக்கிறது” என்று உரக்கச் சொல்லி ஆள் கூப்பிட வேண்டும், மணி பார்க்க வேண்டும், தாயை முக்குவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். பிறகு இருவர் இரு காலையும் பிடித்துத் தொடைகள் வயிற்றில் படும்படி நன்றாக மடக்க வேண்டும். 1983இல் மருத்துவ இதழில் எழுதப்பட்டு மெக்ராபர்ட்ஸ் முறை என்று பெயர் பெற்றது இது. இடுப்பெலும்பின் சாய்வு மாறித் தோள் நழுவ வழி கிடைக்கும். கூடவே ஒருவர் அடிவயிற்றில், முன்னெலும்புக்கு நேர் மேலே, குழந்தையின் முதுகுப் பக்கமிருந்து உள்ளங்கையால் அழுத்தித் தோளைச் சரிக்க வேண்டும். பெரும்பாலான தோள்கள் இவ்வளவில் விடுபட்டுவிடும். விடுபடாவிட்டால் உள்ளே கைவிட்டுப் பின்பக்கத்துக் கையை முதலில் எடுப்பது, அல்லது தாயைக் கைகால் ஊன்றி முட்டி போடச் செய்வது. இந்தக் கடைசி முறையை அமெரிக்க மருத்துவச்சி இனா மே காஸ்கின் 1976இல் குவாத்தமாலா நாட்டு மருத்துவச்சிகளிடமிருந்து கற்று வந்தார். இன்று அது அவர் பெயரால் பாடநூல்களில் இருக்கிறது. நாட்டு மருத்துவச்சியின் கையில் அறிவே இல்லை என்று ஒதுக்குபவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம். தலை வந்து ஐந்து நிமிடத்துக்குள் உடல் வெளிவந்துவிட்டால் மூச்சுத்திணறலால் மூளை பாதிப்பது அரிது. பதறி இழுக்கத் தேவையில்லாத அளவுக்கு நேரம் இருக்கிறது. ஒத்திகை பார்த்தவருக்குத்தான் அந்த நேரம் இருப்பது தெரியும்.

ஒத்திகை இல்லாத இடத்தில் அதற்கு நேர் எதிரானது நடக்கிறது. ஒருவர் தலையை இழுக்க, இன்னொருவர் மேல்வயிற்றில் முழங்கையை ஊன்றி அமுக்குகிறார். வலி தாங்காத பெண்ணின் ஒத்துழைப்புக் குறைவு என்று அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. எலும்பில் சிக்கிய தோளை மேலிருந்து அமுக்கினால் அது எலும்பில் இன்னும் இறுகும். கருப்பை கிழியும் ஆபத்தும் உண்டு. மேல்வயிற்றை அமுக்கிப் பிரசவத்தை விரைவுபடுத்துவதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. அடிவயிற்றில் அழுத்துவதும் மேல்வயிற்றில் அமுக்குவதும் ஒன்று என்று நினைப்பவர் பிரசவ அறையில் இருப்பது ஆபத்து.

அடுத்த வாதம் இந்த வறண்ட நிலத்துக்கென்றே உருவானது. ‘இங்குள்ள பெண்கள் காட்டு வேலை பார்க்கும் மெலிந்த உடம்புக்காரிகள், பிள்ளை மூன்று கிலோ தேறுவதே அரிது, நாலரைக் கிலோ பிள்ளை வெள்ளைக்காரன் நாட்டுச் சிக்கல்.’ எடையை மட்டும் பார்ப்பதால் வரும் பிழை இது. தாயின் இடுப்பு அளவுக்கும் குழந்தையின் தோள் அகலத்துக்கும் உள்ள பொருத்தம்தான் கேள்வி. உயரம் குறைந்த பெண்ணுக்கு மூன்றரைக் கிலோவே பெரிய பிள்ளை. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தையின் தலையைவிடத் தோளும் உடலும் கூடுதலாகப் பருக்கின்றன. தலை வந்தபின் தோள் நிற்பதற்கு ஏற்ற உடல்வாகு அது.

சர்க்கரை நகரத்து நோய் என்ற நம்பிக்கையைத் தமிழ்நாட்டின் கணக்கே உடைத்துவிட்டது. மருத்துவர் வீ. சேஷய்யாவின் குழு நடத்திய ஆய்வில் கர்ப்பகாலச் சர்க்கரை நகரப் பெண்களில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8 சதவீதம், கிராமங்களில் 9.9 சதவீதம் என்று தெரியவந்தது. 2008இல் வெளியான கணக்கு இது. கிராமத்திலும் பத்தில் ஒருத்தி. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று 2007இலேயே ஆணையிட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை. கூலியை விட்டுப் பேருந்தேறி வருபவளை வெறும் வயிற்றோடு மறுநாளும் வரச் சொல்லாத சோதனை. முதல் வருகையில் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை என்பது தேசிய வழிகாட்டி. கண்டுபிடித்துச் சிகிச்சை தந்தால் என்ன பயன் என்பதற்கும் சான்று உண்டு. லேசான கர்ப்பகாலச் சர்க்கரைக்கு அமெரிக்காவில் சிகிச்சை தந்து பார்த்த ஆய்வில் தோள் மாட்டுவது 4 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாக இறங்கியது. 2009இல் வெளியானது அது. தோள் மாட்டுவதையே ஓரளவு முன்கூட்டிக் குறைக்கலாம் என்றாகும்போது, ‘முன்கூட்டி எதுவும் செய்ய முடியாது’ என்ற வாதத்தின் மீதிப் பாதியும் போய்விடுகிறது. மல்லி பிடுங்கும் பருவத்தில் அந்த இரண்டாவது சோதனைக்கு வராமல் போகும் பெண்ணைத் தேடிப் போவது கிராம சுகாதாரச் செவிலியரின் வேலையில் சின்ன வேலை இல்லை.

அப்படியானால் எல்லாருக்கும் ஆபரேஷன் செய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தடுப்பு என்றாலே கத்தி என்று நினைப்பதும் அந்தப் பழைய கருத்தின் மறுமுகம்தான். சர்க்கரை இல்லாத தாய்க்கு, ஸ்கேனில் நாலரைக் கிலோ தெரிகிறது என்று ஆபரேஷன் செய்தால், ஒரே ஒரு நிரந்தரக் கைமுடக்கத்தைத் தவிர்க்க 3695 பெண்களைக் கீற வேண்டியிருக்கும் என்று 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சர்க்கரை உள்ள தாய்மாரில் அதே எண்ணிக்கை 443. ஆகவே சர்க்கரையும் பெரிய பிள்ளையும் சேர்ந்த இடத்தில் ஆபரேஷன் பற்றித் தாயிடம் எடுத்துச் சொல்லி முடிவெடுப்பது நியாயம். மற்றவர்களுக்கு அது விடையாகாது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஏற்கெனவே 44.9 சதவீதப் பிரசவம் ஆபரேஷன். ஒவ்வொரு தழும்பும் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு சுமை.

‘மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும்’ என்பது இன்னொரு ஆறுதல். பல குழந்தைகளுக்குச் சரியாகிவிடுவது உண்மை. ஆனால் உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவரை ஒட்டிய அளவுக்குக் குறை மிஞ்சுகிறது என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை இனங்காணும் காலமும் குறுகியது. மூன்றாம் மாதம் முழங்கையை மடக்க முடியாத குழந்தைக்கு நரம்பு அறுவை தேவைப்படலாம். அது முதல் ஆண்டுக்குள் நடந்தால்தான் பலன். காத்திருந்து பார்ப்போம் என்று இரண்டு வயதில் கொண்டுவந்தால் நரம்பு இழந்த தசை கரைந்திருக்கும். கை அறுவைக்கென்றே தனித்துறை நடத்தும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. நரிக்குடியிலிருந்து அங்கே போய்ச் சேரும் பிள்ளை காலத்தோடு போய்ச் சேர வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் நடப்பது மேலும் கவலை தருவது. கை தொங்கினால் உரம் விழுந்தது என்று முடிவு செய்து, சேலைத் துணியில் போட்டு இருவர் இருபுறம் பிடித்து உருட்டி உரம் எடுப்பார்கள். குளிப்பாட்டும்போது கையைக் குறுக்கே இழுத்து நீவி விடுவார்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனால் ஏற்கெனவே அறுபட்ட நரம்பையும் ஒருவேளை முறிந்திருக்கும் காறை எலும்பையும் அது மேலும் இழுக்கிறது. பாட்டிமாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளையின் கையில் என்ன காயம் என்று மருத்துவமனையில் எவரும் அவர்களிடம் சொல்லி அனுப்பவில்லை.

நரம்புக் காயம் குழந்தைக்கு மட்டும் வருவதும் இல்லை. காலைத் தாங்கியில் மாட்டி வெகுநேரம் வைத்தால் முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கித் தாயின் பாதம் தொங்கிப்போகலாம். தொடையை அளவுமீறி நெடுநேரம் மடக்கி வைத்தால் தொடைப்பக்க நரம்பு மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். “பேறுகால அசதி” என்று அதையும் யாரும் எழுதிவைப்பதில்லை.

சிக்கலின் வேர் இந்த எழுதாமையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 13 என்று 2020 மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. இவை பெருமைக்குரியவை, பல்லாயிரம் செவிலியரின் உழைப்பால் வந்தவை. ஆனால் இந்த எண்களில் கை விளங்காத பிள்ளைக்கு இடமில்லை. அது உயிரோடு பிறந்தது, தாய் உயிரோடு இருக்கிறாள், கத்தி படவில்லை. ஆகவே பதிவேட்டில் அது சுகப்பிரசவம். விருதுநகரை முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாக நடுவண் அரசு 2018இல் எடுத்துக்கொண்டபோது அளந்த குறியீடுகளில் மருத்துவமனைப் பிரசவ விகிதம் உண்டு, பிரசவக் காயம் இல்லை. எண்ணாத காயம் அரிதாகத்தான் தெரியும். பிற நாடுகளில் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றை ஒட்டியும் அதற்கு மேலும் பதிவாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் 900 பிள்ளைகள். அரிது என்ற சொல்லுக்குள் இத்தனை பேரை மறைக்க முடியாது.

தடுக்க முடியும் என்று சொன்னால் பழி இரவுப் பணிச் செவிலியர் மேல் விழும் என்ற அச்சம் உண்டு. அந்த அச்சம் புரிந்துகொள்ளத் தக்கது. பிரதான சாலையிலிருந்து ஒதுங்கிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் ஒரே ஒருவர் தாயையும் பிள்ளையையும் பார்க்கும்போது, காலைப் பிடிக்க இருவரும் அடிவயிற்றில் அழுத்த ஒருவரும் எங்கிருந்து வருவார்கள்? அவருக்குப் பயிற்சி தராமல், துணை தராமல் விட்டது நிர்வாகம். தடுக்க முடியாத விபத்து என்ற வாதம் முதலில் காப்பாற்றுவது அந்த நிர்வாகத்தைத்தான். பயிற்சி அவரைக் காப்பாற்றும். காவலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் துணைக்கு வந்த மாமியாரையும்கூட இரண்டு காலை மடக்கிப் பிடிக்கச் சொல்லலாம் என்று அது கற்றுத்தரும்.

பிரசவ அறைகளின் தரத்துக்காக லக்ஷ்யா திட்டம் 2017 டிசம்பரில் தொடங்கப்பட்டது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரு பொம்மையையும் இடுப்பு மாதிரியையும் எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரங்களின் பிரசவ அறைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வர அந்தக் கல்லூரிக்குப் பெரும் செலவு ஆகாது. மேல்வயிற்றை அமுக்குவதற்கு எழுத்துப்பூர்வத் தடை, தலை வந்த நேரம், உடல் வந்த நேரம், முன்பக்கம் இருந்தது எந்தத் தோள் என்ற மூன்று குறிப்புகள், மாவட்ட அளவில் பிரசவ நரம்புக் காயத்துக்கு ஒரு கணக்கு. இவ்வளவையும் மாவட்ட நிர்வாகமே ஆணையிட்டு நடத்தலாம். சென்னையிலிருந்து புதுத் திட்டம் வரும்வரை காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

பேறுகாலத்துக்குத் துணைபோகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொள்ளும் முன் இரண்டு கையும் ஒன்றுபோல மடங்கி நீள்கிறதா என்று பாருங்கள், அரை நிமிடம் போதும். ஒரு கை தொங்கினால் உருட்டவோ நீவவோ வேண்டாம். அதைத் தாய் சேய் நல அட்டையில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், ஒரு மாதத்துக்குள் அசைவு வராவிட்டால் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அதே அட்டையில் எழுதி வாங்குங்கள்.